அகல் செய்யும் முன் மண்ணைப் பாருங்கள்

தீபாவளி நெருங்கினால் கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸில் நான் நடத்தும் மண்பாண்ட வகுப்புக்குப் பெற்றோர்களிடமிருந்து ஒரு கேள்வி தவறாமல் வரும். "டீச்சர், பிள்ளைங்க வீட்லயே களிமண்ல அகல் செஞ்சிருக்காங்க. எண்ணெய் ஊத்தி ஏத்தலாமா?" என்ன மண் என்று கேட்டால், புத்தகக் கடையில் பாக்கெட்டில் வாங்கிய ஏர் டிரை கிளே என்பார்கள். ஏற்றாதீர்கள் என்றுதான் சொல்வேன்.

அந்த மண் நெருப்பையே பார்க்காதது. பசையும், சில வகைகளில் காகித நாரும் சேர்த்து, காற்றில் இறுகும்படி செய்திருப்பார்கள். எண்ணெய் ஊற்றினால் உறிஞ்சிக்கொள்ளும். திரி சாயும் விளிம்பில் அந்த நாரும், மேலே பிள்ளைகள் ஆசையாகப் பூசிய பெயிண்டும் வார்னிஷும் தீப்பிடிக்க வாய்ப்பு உண்டு. அடுக்குமாடி வீட்டு வாசலில், செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் இப்படி ஒரு விளக்கு எரிவதை நினைத்தாலே எனக்குப் பயமாக இருக்கிறது. பிள்ளை செய்த அகலை ஒதுக்கி வைக்க மனம் வராது என்றால், பேட்டரியில் எரியும் சின்ன விளக்கை அதில் வையுங்கள். அழகு குறையாது.

களிமண் என்று சொல்லிக் கடையில் மூன்று வெவ்வேறு பொருள்கள் விற்கிறார்கள். முதலாவது நிஜமான மண், சூளைக்குப் போக வேண்டியது. இரண்டாவது மேலே சொன்ன ஏர் டிரை. மூன்றாவது பாலிமர் கிளே. இதில் மண்ணே இல்லை. பிவிசி பிளாஸ்டிக்கோடு இளக்கும் பொருளும் நிறமும் கலந்தது. பெரும்பாலும் 110 முதல் 130 டிகிரி செல்சியஸ் வரை சமையல் அவனில் (oven) வைத்தால் இறுகும். உறையில் என்ன சூடு போட்டிருக்கிறதோ அதைத் தாண்டக் கூடாது. கருகினால் தொண்டையை அறுக்கும் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். காதணி, சாவிக்கொத்துக்கு இது நல்ல பொருள். தட்டுக்கும் கரண்டிக்கும் வேண்டாம்.

நிஜ மண்ணை வீட்டு அவனில் சுடலாமா என்றும் கேட்கிறார்கள். சமையல் அவன் 250 டிகிரியோடு நின்றுவிடும். களிமண்ணின் கனிமத்துக்குள்ளேயே பிணைந்து கிடக்கும் நீர், சூடு ஏறத்தாழ 500 டிகிரியைத் தாண்டும்போதுதான் விட்டுப் போகும். அதுவரை அது பச்சை மண்தான். எவ்வளவு கெட்டியாகத் தெரிந்தாலும் தண்ணீரில் போட்டால் கரைந்துவிடும். செம்மண் பாண்டங்களை 1000 டிகிரி அளவில் சுடுவோம். ஸ்டோன்வேர் எனப்படும் கெட்டி மண்ணுக்கு 1200-க்கு மேல் வேண்டும்.

நாம் வாழும் இந்த ஊரே சுட்ட மண்ணில் எழுந்ததுதான். 1881-இல் தீயும் வெள்ளமும் அடுத்தடுத்து வந்து கோலாலம்பூரின் மரவீடுகளையும் அத்தாப்புக் கூரைகளையும் அழித்தன. அதன் பிறகு செங்கல்லும் ஓடும் கொண்டு கட்ட வேண்டும் என்று ஆனபோது, செங்கல் சூளைகள் எரிந்த இடம் இந்த பிரிக்ஃபீல்ட்ஸ்.

இனி கைவேலை. சக்கரம் வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். ஓர் ஆரஞ்சுப் பழ அளவு மண்ணை நன்றாகப் பிசைந்து உருட்டி, நடுவில் கட்டைவிரலை அமுக்குங்கள். அடியில் ஒரு விரல் கனம் விட்டு, இடக்கையில் சுற்றிக்கொண்டே வலக்கை விரல்களால் சுவரைக் கிள்ளிக் கிள்ளி மெலிதாக்குங்கள். அரை சென்டிமீட்டருக்குச் சற்று மேல் இருந்தால் போதும். அகலும் சின்னக் கிண்ணமும் இப்படித்தான் பிறக்கும். மண்ணைக் கயிறாகத் திரித்து, முறுக்கு சுற்றுவதுபோல் அடியைச் சுற்றி, மேலே வளையம் வளையமாக அடுக்கினால் துளசிக்கு ஒரு தொட்டி கிடைக்கும். ஈரமாக இருக்கும்போதே அடியில் துளை போட்டுவிடுங்கள். பூரிக்கட்டையால் பலகைபோல் தட்டையாகத் தேய்த்த மண்ணில் வெற்றிலையையோ செம்பருத்தி இலையையோ நரம்புப் பக்கம் கீழே வருமாறு வைத்து ஒருமுறை உருட்டினால், ஒவ்வொரு நரம்பும் பதியும். இருபுறமும் சம உயரமுள்ள குச்சிகளை வைத்து உருட்டினால் பலகை ஒரே கனமாக வரும்.

கைப்பிடி விழுந்துவிட்டது என்ற புலம்பல்தான் வகுப்பில் அதிகம். இரண்டு பக்கமும் முள்கரண்டியால் கீறி, அதே மண்ணைக் குழைத்த சேற்றைத் தடவி, அழுத்தி ஒட்ட வேண்டும். ஒட்டும் இரண்டு துண்டுகளும் ஒரே ஈரத்தில் இருக்க வேண்டும். ஒன்று காய்ந்து ஒன்று ஈரமாக இருந்தால் எவ்வளவு சேறு தடவினாலும் பிரிந்துவிடும், ஏனென்றால் காயும்போது மண் சுருங்கும். சுட்டு முடிக்கும்போது பத்து சென்டிமீட்டர் கிண்ணம் ஒன்பதாகிவிடலாம்.

காய வைப்பதில்தான் இங்கே பொறுமை வேண்டும். கோலாலம்பூரின் ஈரக்காற்றில் சில நாட்கள் மண்ணுக்குள் ஈரம் அசையவே அசையாது, நவம்பர் மழையில் இன்னும் மோசம். அதற்காக மின்விசிறிக்கு நேரே வைத்துவிடுகிறார்கள். விளிம்பு முந்திக் காய்ந்து சுருங்க, அடி ஈரமாகவே இருக்க, நடுவில் கீறல் விழுகிறது. பிளாஸ்டிக் பையால் தளர்வாக மூடி, செய்தித்தாள் விரித்த பலகையில் வைத்து, நாளுக்கு ஒருமுறை திருப்புங்கள். வாரக் கணக்கானாலும் ஆகட்டும். காய்ந்ததா என்று அறியக் கன்னத்தில் ஒற்றிப் பாருங்கள். சில்லென்று இருந்தால் உள்ளே நீர் இருக்கிறது.

அந்த நீர்தான் சூளையில் பானையை வெடிக்கச் செய்கிறது. காற்றுக் குமிழி வெடிக்கும் என்று பலரும் நம்புகிறார்கள்; உண்மையில் நூறு டிகிரியில் ஆவியாகும் ஈரம் வெளியேற வழியில்லாமல் உடைத்துக்கொண்டு வருகிறது. பொம்மை செய்தால் உள்ளே குடைந்து, ஓர் ஊசித் துளையாவது விடச் சொல்வது இதனால்தான்.

விநாயகர் சதுர்த்திக்குச் செய்யும் பிள்ளையாருக்கு மட்டும் இந்தக் கவலை எதுவும் இல்லை. அவரைச் சுடவே கூடாது. நிஜ மண்ணில் பெயிண்ட் பூசாமல் செய்து, பூசை முடிந்ததும் வாளித் தண்ணீரில் கரைத்துச் செடிக்கு ஊற்றுங்கள். ஏர் டிரை மண்ணும் பாலிமரும் இதற்கு ஆகாது.

தூசி பற்றி நான் கறாராக இருப்பேன். களிமண்ணில் சிலிக்கா உண்டு. கண்ணுக்குத் தெரியாத அதன் நுண்துகள் நுரையீரலில் தங்கிவிட்டால் வெளியே வராது. ஆண்டுக்கணக்கில் சுவாசிப்பவர்களுக்கு சிலிக்கோசிஸ் என்ற நுரையீரல் நோய் வரலாம், புற்றுநோய்க்கும் காரணமாகலாம். வீட்டில் எப்போதாவது செய்பவருக்கு அவ்வளவு ஆபத்து இல்லை என்றாலும் பழக்கம் முதல் நாளே சரியாக அமையட்டும். காய்ந்த பொருளை உப்புத்தாளால் தேய்க்காதீர்கள். ஈரப் பஞ்சால் துடைத்து வழவழப்பாக்குங்கள். தரையைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். கை கழுவிய தண்ணீரை சிங்க்கில் ஊற்றினால் குழாய் அடைக்கும். வாளியில் தெளியவிட்டு, மேல்நீரைக் கொட்டிவிட்டு, அடிச்சேற்றைத் திரும்பப் பிசைந்துகொள்ளலாம்.

சாப்பாட்டுக்கு என்று செய்தால் கிளேஸ், அதாவது பாண்டத்தின் மேல் பூசிச் சுடும் கண்ணாடி போன்ற பூச்சு, எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஈயம் கலந்த பூச்சில் புளி, தயிர், ஊறுகாய் வைத்தால் புளிப்பு ஈயத்தை இழுத்துவிடும். சந்தையில் அலங்காரத்துக்கு விற்கும் பளபளப்பான சட்டியிலும் இதே கவனம் வேண்டும். பொங்கல் பானை வாங்கும்போது உள்பக்கம் பெயிண்ட் இல்லாததாகப் பாருங்கள். சுட்ட அகலை முதல்முறை ஏற்றும் முன் சில மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்துத் துடைத்தால் எண்ணெயை அவ்வளவாகக் குடிக்காது.

வீட்டில் சூளை இல்லாதவர்கள் பட்டறைகளில் கட்டணம் கொடுத்துச் சுட்டுக்கொள்ளலாம். மண் வாங்கும் முன்பே அவர்களிடம் பேசுங்கள். எந்த மண்ணை, எத்தனை டிகிரியில் சுடுகிறார்கள் என்று கேட்டு அதே மண்ணை வாங்குங்கள். செம்மண் பாண்டத்தை ஸ்டோன்வேர் சூட்டில் வைத்தால் அது உருகி, பக்கத்தில் இருக்கும் அடுத்தவர் பாண்டத்தோடும் சூளைத் தட்டோடும் ஒட்டிக்கொள்ளும்.