பாதி ஜோடிகள் மோதாத பட்டியல்: அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் கூட்டணிக் கணக்கு

2025 டிசம்பர் 6 அன்று வட கரோலினாவின் ஷார்லட் நகரில், டியூக் பல்கலைக்கழக அணி கூடுதல் நேரம் வரை போராடி வர்ஜீனியாவை 27-20 என்று வென்றது. ஏசிசி என்ற பல்கலைக்கழகக் கூட்டணியின் சாம்பியன் பட்டம் அதற்குக் கிடைத்தது. ஆனால் தேசிய பிளேஆஃபில் ஆடும் 12 அணிகளில் டியூக் இல்லை. மயாமி இருந்தது. மயாமி அதோடு நிற்கவில்லை, தேசிய இறுதிப் போட்டி வரை போனது. கூட்டணிப் பட்டியலில் டியூக், மயாமி உட்பட ஐந்து அணிகள் 6 வெற்றி, 2 தோல்வி என்று சமமாக நின்றன. யார் யாருடன் மோதினார்கள் என்று அலசி, எதிரணிகளின் வெற்றி விகிதத்தைக் கணக்கிட்டு, கடைசியில் டியூக்கைக் கூட்டணி இறுதிப் போட்டிக்கு அனுப்பினார்கள். அந்த சீசனில் டியூக்கும் மயாமியும் ஒருமுறைகூட நேருக்கு நேர் ஆடவில்லை.

இதை விதிக்குழுவின் தவறு என்று சொல்லிவிட முடியாது. எந்த விதி எழுதியிருந்தாலும் இதுபோன்ற ஒரு சிக்கல் வந்தே தீரும். காரணம் எளிய எண்கணிதம்.

இங்கே கால்பந்து என்பது முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்து. அதன் மேல்நிலைப் பிரிவில் 2025-ல் 136 பல்கலைக்கழக அணிகள் ஆடின. உடல் மோதும் ஆட்டம் என்பதால் வாரத்துக்கு ஒன்றுதான் ஆட முடியும். வழக்கமான சீசனில் ஓர் அணிக்கு 12 போட்டிகள். அவற்றில் எட்டோ ஒன்பதோ சொந்தக் கூட்டணிக்குள், மீதி வெளியே. கான்ஃபரன்ஸ் என்று அவர்கள் சொல்லும் இந்தக் கூட்டணிதான் அட்டவணை போடுகிறது, ஒளிபரப்பு உரிமையை விற்கிறது, வந்த பணத்தைப் பங்கிடுகிறது. பள்ளிகள் (பல்கலைக்கழகங்களை அங்கே இப்படித்தான் அழைக்கிறார்கள்) ஒரு கூட்டணியை விட்டு இன்னொன்றுக்குப் போவதைத்தான் அங்கே பல ஆண்டுகளாகப் பெரிய செய்தியாகப் பேசுகிறார்கள்.

அணிகளின் எண்ணிக்கையை அதில் ஒன்று குறைத்த எண்ணால் பெருக்கி, இரண்டால் வகுத்தால் எத்தனை ஜோடிகள் மோத முடியும் என்பது தெரியும். 10 அணிகளுக்கு 45 ஜோடிகள். ஆளுக்கு 9 போட்டி என்றால் சரியாக 45 ஆட்டங்கள், ஒரு ஜோடிகூட விடுபடாது. பிக் 12 கூட்டணி பெயரில் 12 இருந்தும் 2011 முதல் 2022 வரை பத்தே அணிகளோடு இப்படித்தான் நடந்தது. பட்டியலில் மேலே இருப்பவர் எல்லோரையும் சந்தித்துவிட்டுத்தான் மேலே போனார்.

அணிகள் கூடும்போது ஜோடிகள் ஏறத்தாழ வர்க்கமாகப் பெருகும். ஆட்டங்களோ நேர்விகிதத்தில்தான் கூடும். 2025-ல் ஏசிசியில் 17 அணிகள், ஆளுக்கு 8 கூட்டணிப் போட்டிகள். 136 ஜோடிகளில் 68 மட்டுமே ஆடப்பட்டன, அதாவது சரிபாதி. டியூக்கும் மயாமியும் மற்ற பாதியில் விழுந்தார்கள். 18 அணிகள் கொண்ட பிக் டென்னில் ஆளுக்கு 9 போட்டி. 153 ஜோடிகளில் 81.

அந்த 81-ஐக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். 18 அணிகளை வலுவான ஒன்பது, வலுவற்ற ஒன்பது என்று பிரித்து, முதல் குழுவின் ஒவ்வோர் அணியும் இரண்டாம் குழுவின் ஒன்பது அணிகளோடு மட்டும் ஆடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். 9 × 9 = 81. அட்டவணை முழுசாக நிரம்பிவிட்டது. பலசாலிகள் எல்லோரும் வென்றால் ஒன்பது அணிகள் 9-0 என்று முதலிடத்தில் நிற்கும், அவற்றில் எந்த இரண்டும் ஒன்றையொன்று பார்த்தே இருக்காது. நடைமுறையில் யாரும் இப்படி அட்டவணை போடுவதில்லை. ஆனாலும் 18 அணிப் பட்டியல் எவ்வளவு தூரம் பொய் சொல்ல முடியும் என்பதற்கு இதுதான் எல்லை. டியூக்கின் கதை அந்த எல்லைக்கும், எல்லோரும் எல்லோரோடும் ஆடும் முழு ரவுண்ட் ராபினுக்கும் நடுவே எங்கோ இருக்கிறது.

2024-ல் பிக் 12-க்கும் இதே நிலைமை. அப்போது அங்கே 16 அணிகள், 120 ஜோடிகளில் 72 ஆட்டங்கள். அரிசோனா ஸ்டேட், அயோவா ஸ்டேட், பிரிகம் யங், கொலராடோ ஆகிய நான்கும் 7-2. அயோவா ஸ்டேட் மற்ற மூன்றில் ஒன்றோடும் ஆடவில்லை. நால்வரும் பொதுவாகச் சந்தித்த எதிரணிகள் நான்கு: கேன்சஸ், கேன்சஸ் ஸ்டேட், சென்ட்ரல் ஃபுளோரிடா, யூட்டா. அந்த நால்வரையும் வென்றது அரிசோனா ஸ்டேட் மட்டும்தான். மற்ற மூவரும் கேன்சஸிடம் தோற்றிருந்தார்கள். சீசனை 5-7 என்று முடித்த கேன்சஸ், தான் பந்தயத்தில் இல்லாதபோதும் பந்தயத்தைத் தீர்மானித்தது. இரண்டாம் இடத்துக்கு அயோவா ஸ்டேட்டும் பிரிகம் யங்கும் 3-1 என்று மறுபடியும் சமமாக நிற்க, அடுத்தடுத்த விதிகளுக்கு இறங்க வேண்டியதாயிற்று.

எல்லோரும் எல்லோரோடும் ஆடுவது இவ்வளவு நல்லது என்றால் ஏன் கூட்டணிகள் பெருக்கின்றன? பணத்துக்காக. அதிலும் ஒரு சராசரிக் கணக்கு இருக்கிறது.

1984 வரை எந்த அணி எத்தனை முறை தொலைக்காட்சியில் வரலாம் என்பதை என்சிஏஏ என்ற தேசிய அமைப்புதான் கட்டுப்படுத்தியது. ஓக்லஹோமா, ஜார்ஜியா பல்கலைக்கழகங்கள் வழக்குப் போட, உச்ச நீதிமன்றம் 7-2 என்று அந்தக் கட்டுப்பாடு செல்லாது என்றது. மறுப்புத் தீர்ப்பு எழுதியவர் பைரன் வைட், கொலராடோவின் முன்னாள் நட்சத்திர ஆட்டக்காரர். அன்று முதல் ஒளிபரப்பு உரிமை பள்ளிகளின் கைக்கு வந்தது. காலப்போக்கில் அதைக் கூட்டணியாகச் சேர்ந்து விற்பதே லாபம் என்றானது. 1992-ல் எஸ்இசி என்ற கூட்டணி ஆர்கன்சாவையும் தென் கரோலினாவையும் சேர்த்து 12 அணிகளாகி, இரண்டு பிரிவு பிரித்து, கூட்டணி இறுதிப் போட்டி ஒன்றை நடத்தியது. விற்பதற்கு இன்னொரு பெரிய ஆட்டம் கிடைத்தது.

இப்போது சராசரிக்கு வருவோம். 10 பள்ளிகள் உள்ள ஒரு கூட்டணிக்கு ஆண்டுக்கு 30 கோடி டாலர் வருவதாகக் கொள்வோம். தலைக்கு 3 கோடி. புதிதாக வரும் பள்ளியால் ஒப்பந்தத் தொகை 2 கோடி கூடினால் மொத்தம் 32 கோடி, பதினொன்றால் வகுத்தால் 2.91 கோடி. பழைய உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஏறத்தாழ 9 லட்சம் டாலர் நஷ்டம். ஆகவே வருபவர் சராசரிக்கு மேல் கொண்டுவர வேண்டும், அல்லது குறைந்த பங்குக்கு ஒத்துக்கொள்ள வேண்டும். 2023-ல் ஏசிசியில் சேர முடிவானபோது எஸ்எம்யு பல்கலைக்கழகம் ஒன்பது ஆண்டுகளுக்கு ஒளிபரப்புப் பங்கே வேண்டாம் என்று ஒப்புக்கொண்டது. ஸ்டான்ஃபோர்டும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகமும் தொடக்க ஆண்டுகளில் 30 சதவீதப் பங்குக்குச் சம்மதித்தன.

ஒரு பள்ளி எவ்வளவு கொண்டுவரும் என்பதைத் தீர்மானிப்பது எது? கேபிள் காலத்தில் வீடுகளின் எண்ணிக்கை. பிக் டென் 2007-ல் சொந்தத் தொலைக்காட்சி தொடங்கியது. தன் எல்லைக்குள் இருக்கும் வீடுகளுக்குக் கேபிள்காரர்களிடம் கூடுதல் கட்டணம் வாங்கலாம், அந்த வீட்டில் யாரும் ஆட்டம் பார்க்காவிட்டாலும் பணம் வரும். 2014-ல் ரட்கர்ஸையும் மேரிலாந்தையும் சேர்த்ததன் பின்னணி இதுதான்: நியூயார்க், வாஷிங்டன் பகுதிகளின் வீடுகள். பிறகு மக்கள் கேபிளைத் துண்டிக்கத் தொடங்கியதும் கணக்கு தலைகீழானது. எத்தனை வீடு என்பது போய், எத்தனை பேர் உட்கார்ந்து பார்க்கிறார்கள் என்பது வந்தது. பார்வையாளர்களை ஈர்க்கும் பெரிய பெயர்களுக்கே மவுசு. டெக்சஸும் ஓக்லஹோமாவும் எஸ்இசிக்கு, யுஎஸ்சியும் யுசிஎல்ஏவும் பிக் டென்னுக்கு, எல்லாம் 2024-ல் நடைமுறைக்கு வந்தன. பேக்-12 கூட்டணியிலிருந்து 2023 ஆகஸ்ட் 4 என்ற ஒரே நாளில் ஐந்து பள்ளிகள் விலகுவதாக அறிவித்தன. முடிவில் பன்னிரண்டில் பத்து போய், ஆரிகன் ஸ்டேட்டும் வாஷிங்டன் ஸ்டேட்டும் மட்டும் மிஞ்சின.

எல்லோரும் நினைத்தபோது விலக முடியாமல் பிடித்து வைக்கும் பூட்டு விலகல் கட்டணம் அல்ல, உரிமை ஒப்படைப்பு. இந்த ஒப்பந்தப்படி பள்ளி தன் சொந்த மைதானத்து ஆட்டங்களின் ஒளிபரப்பு உரிமையைக் குறிப்பிட்ட ஆண்டு வரை கூட்டணிக்கு எழுதிக் கொடுத்துவிடுகிறது. வெளியேறினாலும் உரிமை அங்கேயே தங்கும், புதிய கூட்டணிக்கு அந்தப் பள்ளியால் பயனிருக்காது. ஏசிசியின் பூட்டு 2036 வரை என்று எழுதப்பட்டிருந்தது. ஃபுளோரிடா ஸ்டேட்டும் கிளெம்சனும் வழக்குத் தொடுத்து, 2025 மார்ச்சில் சமரசம் செய்தன. அதன்படி ஒளிபரப்புப் பணத்தில் 60 சதவீதம் பார்வையாளர் எண்ணிக்கையைப் பொறுத்துப் பிரிக்கப்படுகிறது. சமபங்கு என்ற பழைய கொள்கை ஒரு கூட்டணிக்குள்ளேயே உடைந்த இடம் இது. எதிர்காலத்தைப் பார்க்க விரும்புபவர்கள் இங்கேதான் கவனிக்க வேண்டும்.

இவ்வளவும் ஆட்டத்தின் சமநிலையை என்ன செய்கிறது? அளக்க ஓர் எளிய முறை உண்டு. எல்லா அணிகளின் வெற்றி விகிதத்துக்கும் திட்ட விலக்கம், அதாவது அவை சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு, காண வேண்டும். எல்லோரும் சமபலம், முடிவுகள் நாணயச் சுண்டல் என்றால் அது 0.5-ஐப் போட்டிகளின் வர்க்கமூலத்தால் வகுத்த அளவாக இருக்கும். 9 போட்டிகளுக்கு 0.167. உண்மை விலக்கத்தை இதனால் வகுத்தால் விகிதம் வரும். 1-க்கு அருகே இருந்தால் சமநிலை, கூடக்கூட ஏற்றத்தாழ்வு. பத்து அணி ரவுண்ட் ராபினில் 9-0, 8-1 என்று படிக்கட்டாக 0-9 வரை போனால் விலக்கம் 0.319, விகிதம் 1.91. அதைத் தாண்டவே முடியாது. மேலே சொன்ன 9 × 9 அட்டவணையிலோ விலக்கம் 0.5, விகிதம் 3. அணிகளின் பலம் மாறாமலே, அட்டவணை மாறியதும் அளவீடு குதித்துவிடுகிறது. கூட்டணி பெருத்ததற்கு முன்னும் பின்னும் இந்த எண்ணை வைத்து ஒப்பிடுபவர்கள் பெரும்பாலும் வழுக்கி விழும் இடம் இது.

இன்னொரு வழுக்கல் இதைவிட ஆழமானது. மொத்த ஏற்றத்தாழ்வின் பரவற்படியை (திட்ட விலக்கத்தின் வர்க்கத்தை) இரண்டாகப் பிரிக்கலாம்: கூட்டணிக்கு உள்ளே இருப்பது, கூட்டணிகளுக்கு இடையே இருப்பது. டெக்சஸும் ஓக்லஹோமாவும் போனதும் பிக் 12 உள்ளுக்குள் நெருக்கமானது, நான்கு அணிகள் சமமாக நின்றதே சாட்சி. அதே நேரத்தில் எஸ்இசிக்கும் பிக் 12-க்கும் இடையே வருவாயில் பள்ளம் அகன்றது. கூட்டணித் தாவல் ஏற்றத்தாழ்வை உள்ளேயிருந்து வெளியே தள்ளுகிறது. உள்ளே மட்டும் அளப்பவருக்கு எல்லாம் சீராகத் தெரியும்.

வெளியே இருப்பதை எதால் அளப்பது? கூட்டணிகளுக்கு இடையே நடக்கும் போட்டிகளால் மட்டும்தான். ஆளுக்கு மூன்றோ நான்கோ வெளிப் போட்டிகள், அவற்றிலும் சில கீழ்ப் பிரிவு அணிகளுக்குப் பணம் கொடுத்து வரவழைக்கும் எளிய ஆட்டங்கள். இரண்டு பெரிய கூட்டணிகள் வழக்கமான சீசனில் நேரடியாக மோதுவதை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஒரு ஆட்டத்தின் புள்ளி வித்தியாசம் நல்ல மதிப்பீட்டிலிருந்தும் சுமார் 16 புள்ளி அளவுக்கு விலகுவது இயல்பு. நான்கு ஆட்டங்களின் சராசரியில் பிழை 16-ஐ 2-ஆல் வகுத்து 8 புள்ளி. பதினாறு ஆட்டங்கள் இருந்தால் 4 புள்ளி. எட்டுப் புள்ளி என்பது ஒரு டச்டவுனுக்கும் (பந்தை எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டிக் கொண்டுசேர்ப்பதற்குக் கிடைக்கும் ஆறு புள்ளிக்கும்) மேல். பிளேஆஃப் அணிகளைத் தேர்வு செய்யும் 13 பேர் குழு இந்த மெல்லிய நூலைப் பிடித்துக்கொண்டுதான் ஒரு கூட்டணியின் மூன்றாம் அணியா, இன்னொன்றின் சாம்பியனா என்று முடிவெடுக்கிறது. கணினித் தரவரிசைகளுக்கும் நூல் அதேதான்.

ஏற்றத்தாழ்வைக் குறைக்கத் தொழில்முறை லீக்குகளில் பலவீனமான அணி புதிய வீரர்களை முதலில் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் முறை இருக்கிறது, ஐபிஎல்லில் ஏலமும் செலவு வரம்பும் இருக்கின்றன. கல்லூரி ஆட்டத்தில் அப்படி எதுவும் இருந்ததில்லை. இருந்தது ஒன்றே: ஓர் அணி எத்தனை பேருக்கு உதவித்தொகை தரலாம் என்ற வரம்பு. 1973-ல் 105, 1978-ல் 95, 1990-களில் 85. பெரிய பள்ளிகள் திறமைசாலிகளைச் சேர்த்து பெஞ்சில் உட்கார வைப்பதை அது ஓரளவு தடுத்தது. ஓரளவுதான். 2014 முதல் 2023 வரை நான்கு அணி பிளேஆஃபில் பத்து ஆண்டுகளில் 40 இடங்கள். அலபாமா 8, கிளெம்சன் 6, ஒஹாயோ ஸ்டேட் 5, ஓக்லஹோமா 4, ஆக நான்கு பள்ளிகளுக்கு 23. மொத்தமே 15 பள்ளிகள்தான் உள்ளே நுழைந்தன.

வீரர்கள் என்சிஏஏ மீது தொடுத்த வழக்கில் 2025-ல் நீதிமன்றம் ஒப்புதல் அளித்த சமரசத்தால் உதவித்தொகை வரம்பு போய், அணிக்கு 105 பேர் என்ற வரம்பு வந்தது. பள்ளிகள் வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம்: முதல் ஆண்டில் எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து 2.05 கோடி டாலர் வரை. உச்சவரம்பு எல்லோருக்கும் ஒன்றுதான், ஆனால் உச்சத்தைத் தொடும் வசதி எல்லோருக்கும் இல்லை. வீரர்கள் எத்தனை முறை வேண்டுமானாலும் பள்ளி மாறவும் 2024-ல் வழி பிறந்தது. இதனால் பலன் பெற்ற பள்ளிகள் உண்டு: 2023-ல் 3-9 என்று முடித்த இண்டியானா, இரண்டே ஆண்டில் தோல்வியே காணாமல் தேசிய சாம்பியன் ஆனது. ஆனால் அது பிக் டென் பணம் வரும் பள்ளி. கைவிடப்பட்ட வாஷிங்டன் ஸ்டேட்டைப் பாருங்கள். அதன் குவாட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) கேம் வார்ட் 2024-ல் மயாமிக்குப் போனார், அடுத்து வந்த ஜான் மடீர் 2025-ல் ஓக்லஹோமாவுக்கு. அடுத்தடுத்து இரண்டு பேரை வளர்த்து, பெரிய கூட்டணிகளுக்கு அனுப்பியது அந்தப் பள்ளி.

2026-ல் எஸ்இசி ஆளுக்கு ஒன்பது கூட்டணிப் போட்டிக்கு மாறுகிறது. 120 ஜோடிகளில் இதுவரை 64, இனி 72. எட்டு ஜோடிகள் கூடும், ஆனால் ஒவ்வோர் அணிக்கும் வெளியே ஆடும் வாய்ப்பு ஒன்று குறையும். அதே ஆண்டில் பேக்-12 கூட்டணி போய்ஸி ஸ்டேட், ஃப்ரெஸ்னோ ஸ்டேட், சான் டியேகோ ஸ்டேட், கொலராடோ ஸ்டேட், யூட்டா ஸ்டேட், டெக்சஸ் ஸ்டேட் ஆகியவற்றைச் சேர்த்துக்கொண்டு எட்டு அணிகளோடு மறுபடி தொடங்குகிறது. எட்டு அணிகளுக்கு 28 ஜோடிகள். ஆளுக்கு ஏழு ஆட்டம் ஆடினாலே எல்லோரும் எல்லோரையும் சந்தித்துவிடலாம்.