மசாஜ்: பிடித்துக்கொண்ட தசையும் பிடித்துவிடும் கையும்

மசாஜ் என்ற சொல் பிரெஞ்சில் பிறந்து ஆங்கிலம் வழியாக நம்மிடம் வந்தது. உடலைத் தேய்த்துப் பிசைவதைக் குறிக்கும் ‘மஸ்ஸே’ என்ற பிரெஞ்சு வினையே அதன் அடி. அதற்கும் முந்தைய வேர் எது என்பதில் சொல்லாய்வாளர்கள் இரண்டு கட்சி. ‘தொடு’ எனப் பொருள்படும் அரபு ‘மஸ்ஸ’, நெப்போலியனின் எகிப்துப் படையெடுப்போடு பிரெஞ்சுக்குப் போயிருக்கலாம் என்பார் சிலர். மாவு பிசைவதைக் குறிக்கும் போர்த்துக்கீசிய ‘அமஸ்ஸார்’தான் மூலம் என்பார் மற்றவர். தொட்டதா, பிசைந்ததா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை.

தமிழில் சிக்கல் வேறு. ஒரு சொல் கேட்டால் பத்துச் சொல் வந்து நிற்கும். உள்ளங்கையைப் பதித்து நெடுகக் கொண்டுபோவது நீவுதல். அழுத்தம் கூட்டி ஒரே திசையில் இழுத்தால் உருவுதல். தசையை அள்ளிக் கசக்குவது பிசைதல். இவை போக அமுக்குதல், தேய்த்தல், தட்டுதல். மேற்கத்திய முறையில் இந்த அசைவுகளுக்கு வழங்கும் பிரெஞ்சுப் பெயர்கள் 19ஆம் நூற்றாண்டு டச்சு மருத்துவர் யோஹான் மெட்ஸ்கரோடு சேர்த்துச் சொல்லப்படுகின்றன. ‘எஃப்ளூராஜ்’ என்பது நம் நீவல், ‘பெட்ரிஸாஜ்’ பிசைதல், ‘டாபோட்மான்’ தட்டல். சித்த மருத்துவம் இத்தகைய கைமுறைகள் எல்லாவற்றையும் தொக்கணம் என்ற ஒரே பெயருக்குள் வைத்து, தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல் என வகை பிரிக்கிறது. இதையே குறிக்கும் மர்த்தனம் வடசொல், ஏட்டுக்கு வெளியே அதிகம் புழங்காது.

பேச்சுவழக்கில் நிற்கும் சொல் ‘பிடித்துவிடுதல்’தான். எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது. தசை பிடித்துக்கொள்கிறது, கை அதைப் பிடித்துவிடுகிறது. நோய்க்கும் மருந்துக்கும் ஒரே வினை. ‘கொள்’ளும் ‘விடு’வும்தான் இரண்டையும் பிரிக்கின்றன.

அந்தப் பிடிப்புக்கு மருத்துவ ஆங்கிலம் வைத்திருக்கும் பெயர் ஸ்பாசம். இழுப்பதைக் குறிக்கும் கிரேக்க வினையிலிருந்து வந்தது. தமிழில் நேரான சொல் இசிவு. இசித்தல் என்றாலும் இழுபடுதல்தான். கெண்டைக்கால் போன்ற இடங்களில் சட்டென்று வலியோடு வருவதைக் குரக்குவலி என்றும் சொல்வதுண்டு. சுளுக்கு இதுவன்று, அது மூட்டைச் சுற்றிய இணைப்புத் திசு இழுபட்டோ கிழிந்தோ வருவது. ‘நரம்பு சுருட்டிக்கொண்டது’ என்று சொல்கிறோமே, அங்கே சுருண்டதும் நரம்பன்று, தசைதான். ஆனால் அந்தப் பேச்சில் தற்செயலாக ஓர் உண்மையும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

நடு இரவில் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும்போது பாருங்கள். சதை கல்லாகத் திரண்டு நிற்கும், பாதம் தானாகக் கீழ்நோக்கி வளையும். தசைக்குக் கட்டளை தரும் இயக்க நரம்புகள் ஓயாமல் சமிக்ஞை அனுப்புவதால் வருவது இது என்பதே இன்று பெரிதும் ஏற்கப்படும் விளக்கம். பாதத்தை முழங்கால் பக்கமாக இழுத்துப் பிடித்தால் தசை நீள்கிறது. தசைநாணில் உள்ள கோல்ஜி உணர்வுறுப்புகள் அந்த இழுவையை உணர்ந்து, ‘போதும்’ என்ற செய்தியைத் தண்டுவடத்துக்கு அனுப்புகின்றன, நரம்பு அடங்குகிறது. பிசைவதும் இதே திசையில்தான் வேலை செய்கிறது. கெண்டைக்காலைப் பிசைந்துகொண்டே தண்டுவட அனிச்சையை மின்தூண்டலால் அளந்த ஆய்வுகளில், பிசையும்போது அனிச்சை தணிந்தது. கையை எடுத்ததும் விரைவிலேயே பழைய நிலைக்கு ஏறியது. ஆக, உடனடிப் பலன் தசையில் அல்ல, நரம்பில். அது நெடுநேரம் நிற்பதும் இல்லை.

அடுத்த சொல் மெட்டபாலிசம். ‘மாற்றம்’ என்ற கிரேக்கச் சொல்லின் வழி வந்தது. தமிழில் வளர்சிதை மாற்றம் என்று பாடநூல்களில் நிலைத்துவிட்டது. கட்டுவதையும் உடைப்பதையும் சேர்த்துச் சொல்வதால் மூலத்தைவிடத் தெளிவானது என்பேன். தசைக்கு இது எப்படிப் பொருந்துகிறது? சுருங்குவதற்குத்தான் ஆற்றல் செலவாகும் என்று நினைப்போம். தளர்வதற்கும் ஆகும். சுருங்கும்போது ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும் மையோசின், ஆக்டின் என்ற இரு புரத இழைகள் உண்டு; மையோசின் ஆக்டினைவிட்டு விலக, செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி மூலக்கூறு வேண்டும். சுருக்கத்தைத் தூண்ட வெளிவந்த கால்சியத்தைத் திரும்ப அதன் சேமிப்பறைக்குள் ஏற்றவும் அது வேண்டும். ஏடிபி தீர்ந்துபோனதால்தான் இறந்த உடல் விறைக்கிறது.

இங்கேதான் ஒரு பழைய கதை நுழைகிறது: பிடித்துவிட்டால் தசையில் தேங்கிய லாக்டிக் அமிலம் வெளியேறிவிடும் என்பது. லத்தீனில் ‘லாக்’ என்றால் பால். 1780இல் ஸ்வீடன் வேதியியலாளர் ஷீலே புளித்த பாலிலிருந்து இதைப் பிரித்ததால் அந்தப் பெயர். அது தேங்கிக் கிடக்கும் கழிவன்று. அந்த அமிலம் உடலில் இருக்கும் வடிவமான லாக்டேட்டை இதயமும் பிற தசைகளும் எரிபொருளாக எரிக்கின்றன, கல்லீரல் குளுக்கோஸாக மாற்றுகிறது; கடும் உழைப்புக்குப் பின் ஏறிய அளவு பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் இறங்கிவிடும். மறுநாளும் அதற்கு மறுநாளும் வரும் தசைவலிக்கு அது காரணமாக இருக்க வழியில்லை. கனடாவின் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் நடந்து 2010இல் வெளியான ஆய்வில், உடற்பயிற்சி முடிந்த கையோடு முன்கையைப் பிசைந்தபோது அந்த அழுத்தமே இரத்த ஓட்டத்தைத் தடுத்து, லாக்டிக் அமிலம் வெளியேறுவதைத் தாமதப்படுத்தியது.

அப்படியானால் வளர்சிதை மாற்றத்தில் பலனே இல்லையா? உண்டு, வேறு இடத்தில். 2012இல் வெளியான மக்மாஸ்டர் பல்கலைக்கழக ஆய்வில் 11 இளைஞர்கள் களைக்கும்வரை சைக்கிள் மிதித்தார்கள். ஒரு காலுக்கு மட்டும் 10 நிமிடம் மசாஜ். பிறகு இரண்டு கால்களிலிருந்தும் தசைத்துணுக்கு எடுத்து ஒப்பிட்டார்கள். லாக்டேட்டிலும், தசை சேமித்துவைக்கும் சர்க்கரையான கிளைக்கோஜனிலும் வேறுபாடு இல்லை. ஆனால் மசாஜ் செய்த காலில் அழற்சிக் குறிகள் தணிந்திருந்தன. செல்லுக்குள் ஆற்றலை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியா புதிதாக உருவாவதைத் தூண்டும் குறிகள் கூடியிருந்தன. 11 பேரை வைத்து ஊருக்கெல்லாம் தீர்ப்புச் சொல்ல முடியாது என்றாலும், கை அழுத்தம் செல்லுக்குள் வரை எட்டுகிறது என்பதற்கு இது சான்று.

எழுதும்போது எதை வைத்துக்கொள்வது? சித்த மருத்துவச் சூழலில் தொக்கணம். அசைவைத் தனித்துச் சொல்ல நீவல், பிசைதல், உருவல். பொதுவாகச் சொல்ல பிடித்துவிடுதல். ‘மசாஜ் தெரபி’ என்ற துறைப்பெயருக்குப் பிடித்துவிடும் சிகிச்சை என்றால் யாருக்கும் புரியும். இசிவு என்பதை மட்டும் கவனமாகக் கையாள வேண்டும். வலிப்பு நோயையும் டெட்டனஸ் எனும் ரண ஜன்னியையும் சொல்லும்போதும் அந்தச் சொல் வரும், அவை பிடித்துவிட்டுத் தீர்வன அல்ல. அதுபோலவே, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாக, சிவந்து வலித்தால் அதைப் பிடிப்பு என்று எண்ணிப் பிசையக் கூடாது. ஆழ்சிரையில் இரத்தம் உறைந்திருக்கலாம், முதலில் மருத்துவர் பார்க்கட்டும்.