மேலே சாலை, கீழே ரயில்: ஒசாகாவின் மிடோசுஜி

ஜப்பானின் ஒசாகா நகரில் வடக்கே உமேதா, தெற்கே நம்பா. இரண்டையும் இணைக்கும் மிடோசுஜி சாலையின் நீளம் சுமார் 4 கிலோமீட்டர், அகலம் ஏறக்குறைய 44 மீட்டர். நூறு வருஷத்துக்கு முன்னால் அங்கே இருந்தது 6 மீட்டர் அகலத் தெருதான். அதுவும் பாதி தூரத்துக்குக்கூட வராது. மேயர் ஹாஜிமே செகி அதை அகலமாக்கப் போகிறார் என்றதும், ஊர் நடுவே விமான நிலையமா கட்டப் போகிறார் என்று கிண்டல் செய்தார்களாம்.

பேராசிரியராக இருந்து மேயரானவர் செகி. அவருக்குச் சாலையும் சுரங்க ரயிலும் ஒரே வேலை. அன்றைய முறைப்படி சுரங்கத்தை மேலிருந்து தோண்டி, உள்ளே கான்கிரீட் பெட்டி கட்டி, மண் போட்டு மூடவேண்டும். அதற்கு மேலே வீடுகள் இருக்கக்கூடாது. ஆற்று வண்டல் மேல் அமைந்த ஊர் வேறு, தோண்டினால் தண்ணீர் ஊறும். செலவில் ஒரு பங்கை, நில மதிப்பு கூடப்போகும் சாலையோர நிலக்காரர்களிடமே வசூலித்தார்கள். கடுப்பாகத்தான் இருந்திருக்கும்!

1933 மே 20 அன்று உமேதாவிலிருந்து ஷின்சாய்பாஷி வரை 3.1 கிலோமீட்டருக்கு ரயில் ஓடியது. ஓடியது ஒற்றைப் பெட்டி. நடைமேடைகளோ நீண்ட ரயிலுக்கென்றே கட்டப்பட்டவை. மண்ணுக்கடியில் பின்னாளில் நீட்டுவது பெரும்பாடு. இன்று பத்துப் பெட்டி ரயில்கள் அங்கே நிற்கின்றன. செகியின் திட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தது இந்த முன்யோசனைதான். 1937-இல் சாலை முடிந்தபோது அவர் உயிரோடு இல்லை.

அப்புறம் கார்கள் பெருகின. 1970 உலகக் கண்காட்சியை ஒட்டி, மிடோசுஜி தெற்கு நோக்கிய ஒருவழிப் பாதையானது. வடக்கே போக சாகாய்சுஜி என்ற இன்னொரு சாலை. ஜப்பானிலும் வண்டிகள் இடப்பக்கம்தான் ஓடும். இருவழிச் சாலையில் வலப்பக்கம் திரும்பும் வண்டி, எதிரே வருபவை போகும்வரை நிற்கும், பின்னால் வருபவையும் தேங்கும். ஒருவழியில் அந்தத் தொல்லை இல்லை. சிக்னல்களையும் சில நொடி இடைவெளியில் வரிசையாகப் பச்சையாக்கலாம். இரண்டு திசைக்கும் சேர்த்து இதைச் செய்வது கடினம். ஒன்றுக்குச் சரியாக வைத்தால் மற்றது கெடும்.

சாலையின் இருபுறமும் ஜிங்கோ மரங்கள். இலையுதிர் காலத்தில் இலைகள் மஞ்சளாக ஜொலிக்கும். பெண் மரத்தின் விதையை மிதித்துவிட்டால் நாற்றம் தாங்காது. நடுவழிக்கும் ஓரப் பாதைகளுக்கும் இடையே தடுப்பாக நிற்பவையும் இந்த மரங்களே. வண்டிகள் குறைந்துவிட்டதால், அந்த ஓரப் பாதைகளை மாநகராட்சி இப்போது ஒவ்வொரு பகுதியாக மூடி, நடப்பவர்களுக்கும் சைக்கிள்களுக்கும் தருகிறது. சாலைக்கு நூறு வயதாகும் 2037-க்குள் முழுவதையும் நடப்பவர்களுக்கே விடுவது இலக்கு.