வேட்டைச் சிற்றுண்ணி: சொல் விளக்கம்

செடி வளர்ப்பவர்களும் பாம்பு, பல்லி போன்ற ஊர்வன வளர்ப்பவர்களும் 'பிரிடேட்டரி மைட்' என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். மண்ணிலும், ஊர்வனவின் கூண்டில் தரையாகப் பரப்பும் கூளத்திலும் வாழ்ந்து, அங்கே பெருகும் பூச்சிகளின் புழுக்களையும் தன் உறவான மற்றச் சிற்றுண்ணிகளையும் பிடித்துத் தின்னும் எட்டுக்கால் உயிர் அது. முழுதாக வளர்ந்தாலும் ஒரு மில்லிமீட்டரைத் தாண்டாது. இதைத் தமிழில் வேட்டைச் சிற்றுண்ணி என்று சொல்வதே பொருத்தம் என்பது என் கருத்து.

'பிரிடேட்டர்' லத்தீனிலிருந்து வந்தது. அங்கே 'பிரேடா' என்றால் கொள்ளைப்பொருள்; அதைப் பறிப்பவன் 'பிரேடாட்டர்'. விலங்கு வேட்டையாடுவதைக் குறிக்க இச்சொல் பின்னால்தான் வந்தது. 'மைட்' பழைய ஆங்கிலச் சொல். கண்ணுக்குச் சட்டென்று தெரியாத எந்தப் பூச்சியையும் முதலில் அப்படித்தான் அழைத்தார்கள். அறிவியலார் இந்த வகை முழுவதையும் 'அகாரி' என்கிறார்கள். அதன் மூலம் 'அகரி' என்ற கிரேக்கச் சொல். பழைய தேன்மெழுகில் தோன்றும் வெள்ளை நிறச் சிற்றுயிரை அந்தப் பெயரால் குறித்து, உயிர்களிலேயே மிகச் சிறியது இதுதான் போலும் என்று எழுதினார் அரிஸ்டாட்டில்.

தமிழில் 'மைட்'டுக்கு ஏற்கெனவே பல பெயர்கள் புழங்குகின்றன. வேளாண் நூல்கள் சிலந்தி என்றும் சிலந்திப்பேன் என்றும் சொல்கின்றன. இலையில் மெல்லிய வலை பின்னும் செஞ்சிலந்திக்கு அது பொருந்தும். மண்ணில் ஓடும் இதற்கு வலை ஏது? பேன் என்பதும் சரியில்லை. பேனுக்கு ஆறு கால், அது பூச்சி. சிற்றுண்ணியோ சிலந்தியும் தேளும் இருக்கும் வகுப்பைச் சேர்ந்தது. முட்டையிலிருந்து வந்த குஞ்சுக்கு மட்டும் ஆறு கால். முதல் தோலை உரித்ததும் எட்டாகிவிடும்.

உண்ணி என்ற சொல்தான் உண்மையில் அருகில் நிற்கிறது. மாட்டுண்ணி, நாயுண்ணி எல்லாம் இதே அகாரிக் கூட்டத்தில் வருபவை. உண்ணி என்றவுடன் இரத்தம் குடிப்பது என்று நாம் பதறுகிறோம், ஆனால் சொல்லுக்குள் இரத்தம் இல்லை: உண் என்ற வினையோடு 'இ' சேர்ந்தால் உண்பது என்றுதான் பொருள். சிறு ஊர் சிற்றூர் ஆவதுபோல, சிறு உண்ணி சிற்றுண்ணி.

அடுத்தது 'பிரிடேட்டர்'. இரைவிழுங்கி என்ற சொல் வேளாண் வட்டாரத்தில் நிலைத்துவிட்டது. ஆனால் இந்த உயிர் எதையும் விழுங்குவதில்லை. வாயுறுப்பால் இரையைக் கவ்விக் குத்தி, உள்ளிருக்கும் சாற்றை உறிஞ்சுகிறது. கொன்றுண்ணி நல்ல சொல்தான், பொருளும் துல்லியம். ஆனால் கொன்றுண்ணிச் சிற்றுண்ணி என்று சேர்த்துச் சொன்னால் நாக்கு தடுக்கும். வேட்டை என்பது எல்லோருக்கும் தெரிந்த சொல், வேட்டம், வேட்டுவன் என்று பழைய இலக்கியம்வரை வேர் உள்ளது.

வேட்டை என்பதற்கு இன்னொரு சான்றும் உண்டு. மண்ணுக்காக அதிகம் விற்கப்படும் இனத்தின் பெயர் ஸ்ட்ராட்டியோலேலாப்ஸ் சிமிட்டஸ். இதில் 'லேலாப்ஸ்' என்பது கிரேக்கக் கதையில் வரும் ஒரு வேட்டைநாய். துரத்திய எதையும் தப்பவிடாதது. 'ஸ்ட்ராட்டியோட்டஸ்' என்றால் கிரேக்கத்தில் போர்வீரன். ஆக, பெயர் வைத்தவர்கள் கண்டதும் ஒரு வேட்டையாடியைத்தான்.

அதன் வேட்டைக்களம் மண்ணின் மேற்பரப்பிலிருந்து சில சென்டிமீட்டர் ஆழம்வரைதான். ஈரத் தொட்டிகளிலிருந்து கூட்டமாக எழும்பும் சிறு கறுப்பு ஈக்களின் புழுக்கள், மண்ணில் இறங்கிக் கூட்டுப்புழுவாகும் இலைப்பேன்கள், நூற்புழுக்கள் ஆகியவை அதற்கு இரை. பறக்கும் ஈயை அது தொடாது. அதனால் வாங்கி மண்ணில் தூவிய மறுநாளே ஈ குறையவில்லையே என்று கைவிட்டுவிடக் கூடாது. புதிய தலைமுறை வராமல் போகும்போதுதான் பலன் தெரியும், அதற்குச் சில வாரங்கள் ஆகும். செடியை அது கடிக்காது, பாம்பையோ மனிதரையோ கடிக்காது.

கூளத்திலும் இதே கதைதான். பாம்பின் செதில்களுக்கிடையே இரத்தம் குடிக்கும் சிற்றுண்ணி, முட்டையிட உடலை விட்டுக் கீழே இறங்கும். அங்கே இருக்கும் முட்டையையும் குஞ்சையும் வேட்டைச் சிற்றுண்ணி தின்றுவிடும். பாம்பின் மேல் ஒட்டியிருப்பவற்றுக்கு அதை முழுதாக நம்ப முடியாது. தொற்று முற்றிய பாம்புக்கு மருத்துவரே வேண்டும்.

கூளம் ஈரப்பதமாக இருக்க வேண்டும், சொதசொதவென்று கூடாது. காய்ந்தால் இவை செத்துப்போகும். குளிர் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் முடங்கிவிடும். முன்பு பூச்சிமருந்து அடித்த கூளமாக இருந்தால் மாற்றிவிடுங்கள். இரை தீர்ந்தபின் மட்கை வைத்துக் கொஞ்ச காலம் தாங்கும், அப்புறம் எண்ணிக்கை தானாகக் குறையும்.

பெயர்க் குழப்பம் உயிரையே பறிக்கும் இடம் ஒன்று உண்டு. தொட்டியில் ஏதோ உண்ணி ஓடுகிறது என்று பயந்து மருந்தடிப்பவர்கள் பலர். செத்தது காவலாளியாக இருக்கலாம். வெளிர் பழுப்பு நிறத்தில் விறுவிறுவென்று ஓடினால் அது பெரும்பாலும் வேட்டைக்காரன். பூஞ்சணம் தின்னும் வகை வெள்ளையாக, மெதுவாக நகரும்.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். பழைய குறிப்புகளிலும் சில புட்டிகளிலும் ஹைப்போஆஸ்பிஸ் மைல்ஸ் என்று இருக்கும் ('மைல்ஸ்' லத்தீனில் போர்வீரன்). அந்தப் பெயரில் வணிகத்தில் வளர்க்கப்பட்டது ஸ்ட்ராட்டியோலேலாப்ஸ் சிமிட்டஸ்தான் என்று 2003-இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். இரண்டு புட்டிகளையும் வாங்கத் தேவையில்லை.