கொன்பிட்: ஹைட்டி மக்கள் ஊர்கூடும் சொல்

மே மாதம் வந்தால் மயாமி, பாஸ்டன், புரூக்ளின், மொன்றியால் என்று ஹைட்டி மக்கள் குடியேறிய நகரங்களில் நீலமும் சிவப்பும் கலந்த கொடிகள் நிறைந்துவிடும். 1803 மே 18 அன்று அர்க்காயே என்ற ஊரில் பிறந்த கொடி அது. அன்று ஹைட்டியை ஆண்ட பிரான்சின் மூவண்ணக் கொடியின் நடுவிலிருந்த வெள்ளையை விடுதலைப் படைத் தலைவர் தெசலின் கிழித்தெறிய, கத்தரீன் ஃப்ளோன் மீதி இரண்டையும் சேர்த்துத் தைத்தார் என்பது அவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லும் வரலாறு. அந்தக் கொடிநாளை ஒட்டி நடக்கும் கொண்டாட்டங்களில் அடிக்கடி காதில் விழும் சொல், ஹைட்டி மக்களின் மொழியான கிரியோலில், 'கொன்பிட்'. நடுவிலுள்ள 'ன்' தனியாக ஒலிக்காது, முன்னால் உள்ள 'கொ' மூக்கொலியாகிவிடும். இதை 'ஒற்றுமை' என்று மொழிபெயர்த்தால் பாதிச் சொல் போய்விடும்.

கொன்பிட் வயலில் பிறந்த சொல். நிலத்தைக் கொத்த வேண்டும், கூலி கொடுக்கக் காசில்லை. அப்போது அந்த வீட்டுக்காரர் அக்கம்பக்கத்தாரை அழைப்பார். விடிந்ததும் 'லம்பி' ஊதுவார்கள். லம்பி என்றால் பெரிய கடற்சங்கு. வந்தவர்கள் மண்வெட்டியோடு வரிசையாக நிற்க, 'சிமிதோ' எனப்படும் பாட்டுத்தலைவர் ஓரடி பாடுவார், மற்றவர்கள் எதிர்ப்பாட்டு எடுப்பார்கள். மேளம் விழும் இடத்தில் அத்தனை மண்வெட்டியும் ஒன்றாக விழும். நன்றாக உழைப்பவரைப் பாட்டிலேயே புகழ்வார்கள். சோறு போடக் கஞ்சத்தனம் செய்யும் வீட்டுக்காரரையும் பாட்டு விடாது! வேலை முடிந்ததும் வீட்டுக்காரர் செலவில் எல்லோருக்கும் சாப்பாடு. நாளைக்கு இன்னொருவர் வயலில் சங்கு ஊதினால் இவரும் போயாக வேண்டும்.

வேர்ச்சொல் ஸ்பானிய 'கொன்விதே' என்பது பலர் ஏற்கும் கருத்து. விருந்து, விருந்துக்கு அழைப்பு என்பது அதன் பொருள். பக்கத்து டொமினிக்கன் குடியரசிலும் கூட்டாக வயல்வேலை செய்வதற்கு இதே பெயர்தான். பெயர் ஐரோப்பாவிலிருந்து வந்தாலும் பழக்கம் ஆப்பிரிக்காவோடு ஒட்டியது. அடிமைகளாகப் பலர் கொண்டுவரப்பட்ட மேற்கு ஆப்பிரிக்க அரசான தாகோமியில் 'தொக்ப்வே' என்று இதே போன்ற கூட்டு வேலைமுறை இருந்தது. தோட்ட முதலாளிக்காகச் சவுக்கடியில் மண்வெட்டி பிடித்த மக்கள், 1804இல் விடுதலை பெற்றபின் அதே மண்வெட்டியைத் தங்களுக்காகத் தாளத்தோடு பிடித்தார்கள். இந்தச் சொல்லில் என்னை அசைப்பது அதுதான். சங்குக்கும் இப்படி ஒரு முன்கதை உண்டு: அடிமைகளைக் கிளர்ச்சிக்கு அழைத்ததும் அதே ஒலிதான். தலைநகரில் அதிபரின் அரண்மனை இருந்த இடத்துக்கு எதிரே தப்பிய அடிமையின் வெண்கலச் சிலை ஒன்று நிற்கிறது: கணுக்காலில் அறுந்த சங்கிலி, கையில் வெட்டுக்கத்தி, வாயில் லம்பி. 2010 நிலநடுக்கத்தில் அரண்மனை இடிந்தது, சிலை நின்றது.

புலம்பெயர்ந்த நகரத்தில் கொத்த வயல் ஏது? சரி, சொல் மட்டும் எப்படிப் பிழைத்தது? வேலை மாறியது, முறை மாறவில்லை. ஊர்ப் பள்ளிக்குப் பணம் திரட்டுவது, புதிதாக வந்திறங்கிய குடும்பத்துக்கு வீடு பார்ப்பது எல்லாம் இப்போது கொன்பிட்தான். இதன் பக்கத்துவீட்டுச் சொல் 'சோல்'. அது நம்ம ஊர்ச் சீட்டேதான்! மாதாமாதம் ஆளுக்கு இவ்வளவு என்று போட்டு, முறை வைத்து ஒருவர் எடுத்துக்கொள்வார். ஒருவர் முறைக்கு வரும் தொகையைக் 'கை' என்பார்கள், சீட்டை நடத்துபவரை 'சோலின் அம்மா' என்பார்கள்.

தமிழில் எதைச் சொல்வது? 'கூட்டுழைப்பு' பொருந்தும், ஆனால் அதில் சாப்பாடும் இல்லை, பாட்டும் இல்லை. 'சிரமதானம்' தானமாகக் கொடுப்பது, திரும்பி வராது. 'மொய்' திரும்பி வரும், ஆனால் அது பணம். வயலில் நடப்பதை மட்டும் சொல்ல 'மாற்றாள் வேலை' போதும். நகரத்துக்கு வந்த விரிந்த பொருளையும் சேர்த்துச் சொல்ல 'ஊர்கூடல்' என்பதே என் தேர்வு. ஊர் கூடித் தேர் இழுப்பது என்று நாம் சொல்லும்போது கூட்டம், உழைப்பு, விருந்து மூன்றும் தானாகவே அதில் வந்துவிடுகின்றன. கை பல சேர்ந்தால் சுமை கனக்காது என்பது கிரியோல் பழமொழி, அதற்கும் இது ஒத்துப்போகும். 'ஆன் ஃபே யொன் கொன்பிட்' என்று ஒரு ஹைட்டிக்காரர் அழைத்தால் தமிழில் இப்படி எழுதலாம்: 'வாங்க, ஊர்கூடிச் செய்வோம்.'