டேப் பூட்டிக்கொண்டால் ரீசெட் அடிக்காதீர்கள்

பள்ளிக்கூடம் திறந்ததும் அம்பாசமுத்திரம் பக்கமிருந்தும் வள்ளியூர் பக்கமிருந்தும் பள்ளி டேப்லெட்டுகள், அதாவது டேப்புகள் பற்றி எனக்கு வருவது ஒரே புகார்தான். "சார், மாறிப்போன டீச்சரோட ஜிமெயிலை டேப் கேக்கு. ரெண்டு தடவை ரீசெட் அடிச்சாச்சு, அப்பவும் கேக்கு." இந்த வாரம் ஒரு பள்ளியில் வகுப்பு முழுவதற்குமான டேப்புகள் இப்படிக் கிடக்கின்றன. பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

தயவுசெய்து மூன்றாவது தடவை அடிக்காதீர்கள்.

ரீசெட் அடித்தால் எல்லாம் போய் டேப் புதிதாகிவிடும் என்ற நம்பிக்கைதான் இத்தனைக்கும் காரணம். போவது பாடமும் படமும் ஆப்பும்தான். 2015-இல் வந்த ஆண்ட்ராய்டு 5.1 முதல், பவர் பட்டனையும் வால்யூம் பட்டனையும் அமுக்கி ரீசெட் செய்தால், முன்பு அதில் இருந்த கூகுள் கணக்கையோ பழைய திரைப்பூட்டையோ காட்டினால்தான் டேப் திறக்கும். திருடியவன் அழித்துவிட்டு விற்கக் கூடாது என்று வைத்த பூட்டு அது. நீங்கள் தலைமை ஆசிரியர் என்பது டேப்புக்குத் தெரியாது. பத்துத் தடவை அடித்தாலும் பத்துத் தடவையும் கேட்கும். இது வைரஸும் இல்லை, டேப் மட்டமான சரக்கும் இல்லை.

டிரான்ஸ்பர் ஆகிற ஆசிரியர் கிளம்பும் முன் செட்டிங்ஸுக்குள் போய்த் தன் கணக்கை நீக்கிவிட்டு, அங்கிருந்தே ரீசெட் செய்துவிட்டால் இந்தத் தொல்லையே கிடையாது. ஏற்கெனவே போய்விட்டாரா? போன் போட்டு வரச் சொல்லுங்கள், அவர் கையாலேயே பாஸ்வேர்டை அடிக்கட்டும். வாட்ஸ்அப்பில் கேட்டு வாங்காதீர்கள். பாஸ்வேர்டு மறந்து புதிதாக மாற்றினால் 24 மணி நேரம் பொறுத்திருக்க வேண்டும். ஆளே கிடைக்கவில்லை என்றால் பில்லோடு கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போங்கள். பில் எங்கே என்று கேட்டால்தான் பல பள்ளிகளில் பீரோவைத் தேடுகிறார்கள்! உடைத்துத் தருகிறேன் என்கிற கடையில் மட்டும் கொடுக்காதீர்கள். அங்கே என்ன மென்பொருளை ஏற்றினார்கள் என்பது யாருக்கும் தெரியாது, அதை நாளைக்குப் பிள்ளைகள் கையில் கொடுக்கப் போகிறீர்கள்.

சொந்த ஜிமெயிலைப் போடுவதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. போட்டோ பேக்கப் ஓடிக்கொண்டிருந்தால், வகுப்பில் எடுத்த பிள்ளைகளின் படங்கள் ஆசிரியரின் சொந்தக் கணக்கில் போய்ச் சேரும். எந்தப் பெற்றோர் சம்மதித்தார்கள்?

பள்ளியின் பெயரில் கணக்கு, அதோடு எல்லா டேப்புகளையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் ஒரு எம்டிஎம் மென்பொருள், இவைதான் நிரந்தர வழி. புது டேப்பின் முதல் திரையில் ஒரே இடத்தில் ஆறு முறை தட்டினால் கியூஆர் ஸ்கேனர் திறக்கும். எம்டிஎம் தருகிற கியூஆரைக் காட்டினால் டேப் பள்ளியின் கட்டுப்பாட்டுக்கு வந்துவிடும். பிறகு ஆப் ஏற்றுவது, தொலைந்தால் பூட்டுவது எல்லாம் ஆபீஸிலிருந்தே முடியும். யாராவது கணக்கைப் போட்டு உபயோகித்த பிறகு என்றால், அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஆகவே பெட்டியைப் பிரித்த அன்றே செய்யுங்கள். ஐபேட் வாங்குகிற பள்ளிகள், பள்ளிக் கருவிகளை நிர்வகிக்க ஆப்பிள் தரும் தளமான ஆப்பிள் ஸ்கூல் மேனேஜரில் சேர்த்துத் தரச் சொல்லியே ஆர்டர் கொடுங்கள்.

அப்புறம் பேட்டரி. மே மாத வெயிலில் இரும்புப் பீரோவில் பூட்டி வைக்கும் முன் பாதி சார்ஜ் இருக்கிறதா என்று பாருங்கள். முழுக்க ஏற்றியும் வைக்க வேண்டாம், தீர்ந்தும் வைக்க வேண்டாம். முதுகு உப்பிய டேப்பை அமுக்கிப் பார்க்காதீர்கள், சார்ஜில் போடாதீர்கள், மற்றவற்றிலிருந்து தள்ளித் தனியே வைத்துவிட்டு எனக்குச் சொல்லி அனுப்புங்கள்.