உங்கள் பாலிசி எந்த மழைமானியைப் பார்க்கிறது?

ஐப்பசி மழையில் குன்னூர்ப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தின் ஓரம் சரிந்து இறங்கினால், வழக்கமான காப்பீட்டில் அடுத்து என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். தகவல் கொடுக்க வேண்டும், சர்வேயர் வர வேண்டும், அவர் வருவதற்கு முதலில் ரோட்டில் விழுந்த மண்ணை அள்ள வேண்டும். பாராமெட்ரிக் காப்பீட்டில் சர்வேயரே கிடையாது. ஒப்பந்தத்தில் எழுதிய இடத்தில், எழுதிய நாட்களுக்குள், எழுதிய அளவைத் தாண்டி மழை பதிவானால் பணம் வரும். எவ்வளவு சேதம் என்று யாரும் கேட்க மாட்டார்கள். அதனாலேயே, தோட்டம் மொத்தமும் போனாலும் மானியில் அந்த அளவு பதிவாகவில்லை என்றால் ஒரு ரூபாயும் வராது. பிரீமியம் கட்டுகிறவருக்கு இந்தப் பின்பாதியை யாராவது முன்கூட்டியே சொல்லியாக வேண்டும்.

இந்த முறை பெரிய அளவில் வேர்பிடித்தது கரீபியன் தீவுகளில். 2004-ல் ஐவன் புயல் கிரெனடாவை அடித்தபோது ஏற்பட்ட இழப்பு, அந்த நாட்டின் ஓராண்டு மொத்த உற்பத்தியைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. உதவி வந்துசேரும் வரை சம்பளம் போடவும் சாலையைத் திறக்கவும்கூட அரசிடம் கையில் காசில்லை. அதற்குப் பிறகு 2007-ல் அந்தப் பகுதி நாடுகள் சேர்ந்து சிசிஆர்ஐஎஃப் என்ற பொது நிதியத்தை அமைத்தன. புயலின் வேகம், பாதை, பெய்த மழை ஆகியவற்றை வைத்துக் கணக்கிட்டு 14 நாட்களுக்குள் பணம் தருகிறார்கள். இடிந்ததையெல்லாம் திரும்பக் கட்ட அது போதாது. முதல் சில வாரங்களைத் தாண்டுவதற்கான கைக்காசு அது. இந்தியாவில் நாகாலாந்து அரசும் இதே வழியில் பாலிசி எடுத்திருக்கிறது.

ஜமைக்காவின் அனுபவத்தை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 2024-ல் அந்த நாடு உலக வங்கி மூலம் 15 கோடி டாலருக்குப் பேரிடர் பத்திரம் வைத்திருந்தது. முதலீட்டாளர்கள் முன்கூட்டியே போட்ட பணம், ஒப்பந்தத்தில் எழுதிய அளவுக்குப் புயல் வந்தால் நாட்டுக்குப் போய்விடும் என்பதுதான் அந்தப் பத்திரம். அந்த ஜூலையில் பெரில் புயல் தென்கரையை ஒட்டிப் போனது. கூரைகள் பறந்தன, பயிர்கள் அழிந்தன. ஆனால் புயலின் மையக் காற்றழுத்தம் ஒப்பந்தத்தில் எழுதிய அளவுக்கு இறங்கவில்லை. பத்திரத்திலிருந்து எதுவும் வரவில்லை. 2025 அக்டோபரில் மெலிசா புயல் கரையேறியபோது அதே பத்திரம் 15 கோடியையும் முழுசாகக் கொடுத்தது. எழுதிய எண்ணைத் தொட்டால்தான் பணம் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டாம்.

இப்போது நம் மலைக்கு வருவோம். நீலகிரி ஒரே மாவட்டம்தான், ஆனால் ஒரே மழை இல்லை. கூடலூர், பந்தலூர், நடுவட்டம் பக்கம் ஆடி மழை. குன்னூர், கோத்தகிரி பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழை. 2019 ஆகஸ்ட்டில் அவலாஞ்சியில் 24 மணி நேரத்தில் 800 மி.மீ.க்கு மேல் கொட்டியது. கிழக்குச் சரிவில் அதில் சிறு பங்குதான். 2009 நவம்பரில் 40 பேருக்கு மேல் பலிகொண்ட மண்சரிவுகளோ குன்னூர், கேத்தி பக்கம். ஆகவே ஜூன் முதல் செப்டம்பர் வரை மட்டும் காப்பு தரும் பாலிசி கோத்தகிரிக்காரருக்குப் பயனில்லை. ஊட்டி மானியை வைத்துப் பந்தலூர்த் தோட்டத்துக்குப் போட்ட பாலிசியும் அப்படித்தான். செயற்கைக்கோள் மழைக் கணக்கு என்றால் இன்னும் கவனம் தேவை. பரவலாகப் பயன்படும் ஐமெர்க் என்ற நாசாவின் செயற்கைக்கோள் மழைத் தரவு, நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கணக்கிடுகிறது; ஒரு கட்டத்தின் பக்கம் சுமார் 11 கி.மீ. அந்த ஒரு கட்டத்துக்குள் மேட்டுநிலமும் மலைச்சரிவும் சேர்ந்து சராசரியாகிவிடும். மலையில் மோதி எழும் மேகம் கொட்டும் மழையைச் செயற்கைக்கோள் குறைத்துக் காட்டுவதும் வழக்கம்.

அடுத்தது நாள் கணக்கு. வானிலைத் துறைக்கு மழை நாள் என்பது காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை. விடியற்காலை 2 மணிக்குப் பிடித்த மழை மதியம் 2 வரை பெய்தது, மொத்தம் 250 மி.மீ. என்று வையுங்கள். எட்டரைக்கு முன் பெய்த 130 இன்றைய கணக்கு. பின்னர் பெய்த 120 நாளைய கணக்கு. ‘ஒரு நாளில் 200 மி.மீ.’ என்று எழுதிய பாலிசியில் இந்த மழை பெய்யவே இல்லை! அதனால் ஒரு நாள் வரம்பை ஏற்காதீர்கள். தொடர்ந்து வரும் இரண்டு அல்லது மூன்று நாட்களின் கூட்டுத்தொகையைக் கேளுங்கள். மண்சரிவுக்கும் அதுதான் பொருந்தும், ஏனென்றால் ஏற்கெனவே ஊறிப்போன மண்ணை அடுத்து வரும் நடுத்தர மழையே சாய்த்துவிடும். இன்னொன்று, ரெட் அலர்ட் வந்தால் பணம் வரும் என்று சிலர் நினைக்கிறார்கள். அது முன்னறிவிப்பு மட்டுமே. கணக்கில் சேருவது பெய்து பதிவான மழைதான்.

பணம் எப்படிக் கணக்காகிறது? பெரும்பாலும் இரண்டு எண்கள் இருக்கும். தொடக்க வரம்பு 200 மி.மீ., முழுத்தொகை வரம்பு 400 மி.மீ., காப்புத்தொகை 1 லட்சம் என்று கொள்வோம். 260 மி.மீ. பெய்தால், இரண்டு வரம்புக்கும் இடையிலான 200-ல் 60, அதாவது 30 சதவீதம், ஆக 30,000 ரூபாய். 199 பெய்தால் ஒன்றுமில்லை.

பாலிசி எடுக்கும் முன் செய்ய வேண்டிய ஒரே வேலை என்று சொன்னால் இதைத்தான் சொல்வோம். அந்த மானியின் 30 வருட தினசரி மழைக் கணக்கை வாங்கி, இந்த வரம்புகளை அதன்மேல் ஓட்டிப் பாருங்கள். எஸ்டேட் ஆபீஸ் மழைப் பதிவேடு கிடைத்தால் அதையும் பக்கத்தில் வையுங்கள். எந்தெந்த வருடம் பணம் வந்திருக்கும், எந்தெந்த வருடம் உண்மையில் தோட்டம் அடிபட்டது? இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் வரம்பையோ மானியையோ மாற்றச் சொல்லுங்கள். 30 வருடத்தில் மூன்று முறை, 30,000, 60,000, 1,00,000 என்று வந்திருக்குமானால் மொத்தம் 1,90,000. வருடத்துக்குச் சராசரி 6,333 ரூபாய். கம்பெனி தன் செலவையும் அபாயத்துக்கான கூடுதலையும் இதன்மேல் சேர்க்கும், அது நியாயம். பிரீமியமாக 20,000 கேட்டால் ஏன் என்று கேளுங்கள்.

மானியையும் நேரில் போய்ப் பாருங்கள். தானியங்கி மானியின் புனலில் நாலைந்து சில்வர் ஓக் இலை விழுந்து நனைந்து ஒட்டினால் போதும், தண்ணீர் சொட்டுச் சொட்டாகத்தான் உள்ளே இறங்கும். ஒரு மணி நேர மழை நாலு மணி நேர மழையாகப் பதிவாகும்; புனல் நிரம்பி வழிந்தால் அந்த மழை கணக்கிலேயே சேராது. சிறு கிண்ணம் நிரம்பிக் கவிழும் ஒவ்வொரு முறையையும் எண்ணி மழையைக் கணக்கிடும் கவிழும் கிண்ண வகை மானியில், பேய்மழை நேரத்தில் கிண்ணம் கவிழும் இடைவெளியில் கொஞ்சம் தண்ணீர் கணக்கில் வராமல் போகும். மரத்தின் உயரத்தைப்போல் இரண்டு மடங்காவது தள்ளி மானி இருக்க வேண்டும். கையால் அளக்கும் சாதாரண மானி ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது. அதன் வாய் 200 சதுர செ.மீ. என்றால், 20 மில்லி தண்ணீர்தான் 1 மி.மீ. மழை. தினமும் எட்டரைக்கு அளந்து எழுதுங்கள். கம்பெனி அதை ஏற்க வேண்டிய கட்டாயமில்லை. ஆனால் அவர்களுடைய மானி பழுதென்று காட்ட உங்களிடம் இருக்கும் ஆதாரம் அதுதான்.

புயலில் மின்சாரமும் செல்போன் டவரும் போனால் மானியிலிருந்து தரவு வராது. அந்த நாட்களுக்கு மாற்று நிலையம் எது, அதுவும் இல்லையென்றால் எந்தத் தரவு என்பது பாலிசியில் பெயரோடு எழுதப்பட்டிருக்க வேண்டும். ‘கம்பெனி தீர்மானிக்கும்’ என்று இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். மாற்று நிலையம் உங்கள் பக்கச் சரிவில்தான் இருக்கிறதா என்பதையும் மேப்பில் பார்த்துவிடுங்கள்.